ஏலக்காரனின் பையில் ஒரு ரோஜா

சவரிமுத்து மெல்பேர்ணில் இதுவரை மூன்று முறை செத்திருக்கிறார். மருத்துவமனைத் தொடர் ஒன்றில் மாரடைப்பு. துப்பறியும் தொடர் ஒன்றில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குப்புற. சாலைப் பாதுகாப்பு விளம்பரம் ஒன்றில் போர்வைக்கு வெளியே கால்கள் மட்டும். மூன்றிலும் வாயைத் திறக்க விடவில்லை என்பது நியாயம்தான். ஆனால் உயிரோடு இருந்த வேடங்களிலும் அதே கதைதான் நடந்தது. டாக்டராக வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெட்ரோல் பங்க் கல்லாவில் நின்று மிச்சச் சில்லறையைக் கொடுத்தார். அகதியாகப் படகில் உட்கார்ந்து கடலை வெறித்தார். டாக்ஸி டிரைவராக நடித்தபோது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதம் நம்பும்படியாக இல்லை என்று டைரக்டர் குறைப்பட்டுக்கொண்டார். மாணவனாக வந்த புதிதில் இதே ஊரில் நிஜமாகவே டாக்ஸி ஓட்டிப் படித்தவர் சவரிமுத்து. அதை அவர் சொல்லவில்லை. வசனம் இல்லாத நடிகர்கள் படப்பிடிப்பில் பேசினால் யாருக்கும் பிடிப்பதில்லை.

திருச்சி பாலக்கரையில் பிறந்தவர். கல்லூரி நாடகத்தில் கதாநாயகனின் நண்பனாக ஆரம்பித்தார். வயது ஐம்பத்தாறு ஆகியும் நண்பன் பதவியிலிருந்து உயர்வு வரவில்லை. பகலில் மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை, அதாவது மற்றவர்கள் கட்டியதில் எங்கே ஓட்டை என்று சொல்வதற்குச் சம்பளம். வீடு கிரான்பர்னில். மனைவி விமலா நர்ஸ். கணவர் டிவியில் டாக்டராக வரும்போதெல்லாம், ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டியிருக்கிறார், இவரிடம் போனால் நோயாளி பிழைக்க மாட்டான் என்று சோபாவில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

தமிழ் மேடை என்று ஒன்று இருந்ததால்தான் அவர் வாய் துருப்பிடிக்காமல் இருந்தது. தென்கிழக்குப் பக்கத்துத் தமிழ் மன்றம் ஆண்டுக்கு ஒரு நாடகம் போடும். கதாநாயகன் எப்போதும் சுதர்சன். அவர் பல் டாக்டர், விழா மலரின் பின்னட்டை அவருடைய விளம்பரம், ஆகவே நடிப்பில் அவருக்குப் போட்டி கிடையாது. சவரிமுத்து மந்திரி, தூதன், பெண்ணின் அப்பா, இரண்டாவது போலீஸ்காரர். முதல் போலீஸ்காரர் வேடம்கூட ஒருமுறை கைக்கு எட்டி, பொருளாளரின் மச்சானுக்குப் போய்விட்டது.

ஆனாலும் அவருக்கு ஒரு பெருமை உண்டு, அது ஒன்றே ஒன்று. தன்னுடைய காட்சிக்கு அவர் வராமல் இருந்ததே இல்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார். தகப்பனார் இறந்த செய்தி வந்த வாரத்திலும் வந்து, ‘மன்னா, எல்லையில் ஆபத்து’ என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். இந்த வைராக்கியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு சரித்திர நாடகத்தில் அவர் தூதன். ‘அரசர் வருகிறார்’ என்று அறிவித்தார். அரசர் வரவில்லை. அரசர் டாண்டினாங்கில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து விளக்கு வெளிச்சத்தில் தனியாக நின்றார். மறுபடி அறிவித்தார். அப்புறம் அரசர் எவ்வளவு நல்லவர் என்று சொல்லிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அது பின்வரிசை வரைக்கும் போனது. வராத ஒருவருக்காக மேடையில் காத்துக்கொண்டு நிற்பது என்னவென்று அன்று அவர் உடம்பு கற்றுக்கொண்டது. யாரையும் அப்படி நிறுத்துவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

இவ்வளவு ஒழுங்கான மனிதர் ஒரே சனிக்கிழமையில் இரண்டு இடத்துக்கு வாக்குக் கொடுத்தார் என்றால், ஆசை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் படம் வியன்னாவில் நடக்கும் காதல் கதை. வியன்னாவுக்குப் போகப் பட்ஜெட் இல்லை, ஆகவே மெல்பேர்ண் நகரின் நடுவே ஒரு சந்துத் தெருவை வியன்னா ஆக்கினார்கள். ஜெர்மன் எழுத்தில் பெயர்ப் பலகைகள், ஒரு கஃபே, இரும்பு நாற்காலிகள், வாடகைக்கு எடுத்த இரண்டு சிறிய நாய்கள். கஃபேயில் கதாநாயகனும் கதாநாயகியும் பிரியப் போகும் நேரத்தில் தெருவில் ரோஜா விற்கிறவன் ஒருவன் வந்து, ‘ஐனெ ரோஸெ ஃப்யூர் டீ டாமெ?’ என்று கேட்க வேண்டும். அம்மணிக்கு ஒரு ரோஜா வேண்டுமா என்று அர்த்தம். அவ்வளவுதான் வேடம். ஆனால் கேமரா அவர் முகத்துக்கு அருகில் வரும் என்று அவருக்கு வேடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் அம்மாள் சொல்லியிருந்தாள். இருபது வருட நடிப்பு வாழ்க்கையில் முதல் வசனம், முதல் முகம். அது ஜெர்மன் மொழியில் அமைந்தது பற்றி அவருக்கு வருத்தம் இல்லை.

உச்சரிப்புக்கு ஓர் ஆஸ்திரியக் கிழவி கணினித் திரையில் வந்து பாடம் எடுத்தாள். வியன்னாக்காரர்கள் இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள், மெதுவாக, மெதுவாக என்றாள். சவரிமுத்து குளிக்கும்போதும் காரிலும் மெதுவாகச் சொன்னார். விமலா சாம்பாரை எடுக்கச் சொன்னால் அவளிடமும் அதையே சொன்னார்.

படப்பிடிப்புத் தேதி வந்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மன்ற நாடகமும் அன்றுதான். கிளென் வேவர்லியில் பள்ளி மண்டபம், மாலை ஐந்து மணி.

அந்த வருட நாடகம் ஒரு வீட்டு ஏலத்தைப் பற்றியது. நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்காக ஒரு குடும்பம் அடித்துக்கொள்கிறது. கடைசிக் காட்சியில் ஏலம். எழுதி இயக்கியவர் ஆனந்தராஜா, யாழ்ப்பாணத்துக் கணக்காளர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவர். ஏலக்காரன் வேடம் சவரிமுத்துவுக்கு. கடைசிக் காட்சியில்தான் வருகை, ஆனால் அவன் வராவிட்டால் நாடகத்துக்கு முடிவே கிடையாது.

“முத்து, நீர் வராட்டி அந்த வீட்டை விக்கேலாது,” என்று ஒத்திகையில் ஆனந்தராஜா சொன்னார். “விளங்குதோ? சனம் வீட்டை விக்காமல் எழும்பிப் போகாது.”

சவரிமுத்து ஒரு கணக்குப் போட்டார். ஐந்து மணி என்று போட்டிருக்கிறார்கள். ஐந்துக்கு மண்டபத்தில் நாற்காலி அடுக்குவார்கள். ஐந்தரைக்கு மைக் கீச்சிடும். அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, அதை ஏற்றப் பிரமுகர்களைத் தேடிப் பிடித்தல், இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை, மௌன அஞ்சலி, சிறுமிகளின் வரவேற்பு நடனம், தலைவர் உரை, வீட்டுக்கடன் வாங்கித் தரும் அனுசரணையாளரின் உரை, அவருக்குப் பொன்னாடை. முதல் காட்சிக்குத் திரை விலகும்போது ஏழு தாண்டிவிடும். கடைசிக் காட்சிக்கு எட்டரை. பட்டப்பகலில் நடக்கும் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு, காரில் ஏலக்காரனின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும். ஏஜென்டிடம் நாள் முழுக்க ஓய்வு என்றார். ஆனந்தராஜாவிடம் நாலு மணிக்கே மேக்கப்புக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன.

இதில் ஒரு சிறு விஷயம் இருந்தது. மன்றத்துக்கு இந்த ஆண்டு புதிய செயலாளர். ஸ்ருதி என்று பெயர், இரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்தவள், பெரிய நிறுவனம் ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். ஐந்து என்றால் ஐந்துதான், உரைகள் எல்லாம் நாடகத்துக்குப் பிறகுதான் என்று ஒத்திகைக்கு ஒத்திகை சொன்னாள். “ஷார்ப் ஃபைவ், அங்கிள்,” என்று சவரிமுத்துவிடம் தனியாகவும் சொன்னாள். அவர் அன்போடு தலையாட்டினார். எல்லோரும்தான் ஆட்டினார்கள். புதிய செயலாளர்கள் ஆண்டாண்டாகச் சொல்வதுதான் அது, பதவியேற்பில் ஒரு சடங்கு.

சனிக்கிழமை காலை வியன்னாவில் நல்ல மேகம். மெல்பேர்ணில் அது இலவசம். செல்போன்களை எல்லாம் பையில் போட்டு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள், படத்தின் ரகசியம் வெளியே போகக்கூடாதாம். பழைய கம்பளிக் கோட்டு, விரல் நுனி வெட்டிய கையுறை, தொப்பி, துணி ரோஜாக்கள் நிறைந்த கூடை. முதலில் தூரத்துக் காட்சி. தெருமுனையில் ரோஜாக்காரன் திரும்பி, கஃபேயைப் பார்த்து நடந்து வர வேண்டும். சவரிமுத்து நடந்தார். அந்த நடையை அவர் ஒரு மாதம் யோசித்திருந்தார். நாள் முழுக்க நின்ற கால் எப்படி நடக்கும் என்று விமலாவைக் கேட்டு, அவள் இரவு டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து எடுத்த நடை. டைரக்டர் கட்டைவிரலைக் காட்டினார். அடுத்தது முகம், வசனம்.

அப்போது வெயில் வந்துவிட்டது.

வியன்னாவில் பனிக்காலம், வெயில் கூடாது. மேகம் வரும்வரை காத்திருப்போம் என்றார்கள். மதியச் சாப்பாடு வந்தது, மேகம் வரவில்லை. நாய்கள் தூங்கின. வாக்கி-டாக்கி வைத்திருந்த பெண் இரண்டு தடவை வந்து, ‘நீங்கள்தான் அடுத்து’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூடையைப் பார்த்துப் பேசினாள்.

சவரிமுத்து சந்தின் முனையில் நின்ற காபி வண்டிப் பக்கம் ஒதுங்கினார். வண்டிக்காரர் வாசுதேவன், தேனிப் பக்கத்துக்காரர், ஹோட்டல் நிர்வாகம் படிக்க வந்து காபி வண்டியில் கரை ஏறியவர். நாற்பதுகளில் இருந்தார், மீசை வைத்திருந்தார், சவரிமுத்துவைவிட ஒரு சாண் உயரம். தமிழ் முகத்தைப் பார்த்ததும், வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்களைத் தாண்டி ஒரு காபியை நீட்டினார். அப்புறம் சவரிமுத்து அங்கேயே நின்றுகொண்டு வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். மெதுவாக. கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து நீட்டிப் பார்த்தார், கூடையில் போடாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வாசுதேவன் பால் நுரைத்தபடியே, ‘இன்னொரு தடவை சொல்லுங்க, கடைசி வார்த்தை சரியா விழல’ என்று உதவி செய்தார்.

நாலு மணி தாண்டியது. ஆனாலும் கணக்கு கையில் இருந்தது. மேக்கப்புக்கு வரவில்லை என்று ஆனந்தராஜா கொதித்துக்கொண்டிருப்பார். கொதிக்கட்டும், காலில் விழுந்துகொள்ளலாம். மேகம் ஒன்று, ஒரு துணித்துண்டு அளவு, கட்டடத்துக்கு மேலே வந்தது. எல்லோரும் ஓடிப்போய் இடத்தில் நின்றார்கள். அது சூரியனைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விட்டது. எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

ஐந்து மணிக்கும் கொஞ்சம் மேலே இருக்கும், வாசுதேவன் தன் போனைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். காபி வண்டிக்காரனின் போனை யாரும் முத்திரை வைத்து வாங்குவதில்லை.

“அண்ணே, நீங்க அந்தக் கிளென் வேவர்லி நாடகத்துல இருக்கேன்னு சொன்னீங்கள்ல?”

“ஆமா. ராத்திரிதான் என் சீன்.”

“என் வீட்டுக்காரி அங்கதான் போயிருக்கா. தொடங்கிட்டாங்களாம்.”

போனில் ஒரு படம். திரை விலகியிருந்தது. சுதர்சன் விரலை நீட்டி நின்றார், அது முதல் காட்சியின் மூன்றாவது வசனத்துக்கு நீட்டும் விரல். சவரிமுத்துவுக்கு வியன்னா ஒருமுறை சுற்றி நின்றது. வாசுதேவனின் போனில் ஸ்ருதியைக் கூப்பிடலாம் என்றால் ஒரு எண்ணும் நினைவில் இல்லை. எல்லா எண்களும் முத்திரை வைத்த பைக்குள் இருந்தன. வாசுதேவன் மனைவிக்குப் போட்டுப் பார்த்தார், நாடகம் பார்க்கிறவள் அணைத்து வைத்திருந்தாள். வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு தமிழ் மண்டபத்தில் செல்போனை அணைக்கச் சொன்னதை ஒருத்தி கேட்டிருக்கிறாள், அதுவும் இன்றைக்கு.

உரைகள் இல்லாவிட்டால் நாடகம் நேராக ஓடும். ஏழு மணி ஆவதற்கு முன்பே ஏலம் வந்துவிடும். மொனாஷ் ஃப்ரீவேயில் சனிக்கிழமை மாலை நெரிசல் வேறு. இப்போதே கிளம்பினால் உண்டு.

அவர் வானத்தைப் பார்த்தார். நீலம், ஒரு கீறல் இல்லாத நீலம். வாக்கி-டாக்கிப் பெண் தூரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டினாள். அடுத்தது நீங்கள்தான், அல்லது இரண்டு நிமிடம், அல்லது வெற்றி. எதுவாகவும் இருக்கலாம். இருபது வருடம் காத்துக்கொண்டிருந்த முகம் கம்பளிக் கோட்டுக்கு மேலே வியர்த்தது. இந்தப் படத்தில் அவர் இல்லாவிட்டால் கதாநாயகி ரோஜா இல்லாமல் பிரிந்து போவாள், கதை கெட்டுவிடாது. அங்கே சுதர்சனும் மற்றவர்களும், நாற்காலிகள் போட்ட பொய்ப் புல்தரையில், வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரோ ஒருவர் ‘இதோ ஏலக்காரர் வருகிறார்’ என்பார். பிறகு மறுபடி சொல்வார். முன்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பிப்பார்.

அவர் கோட்டைக் கழற்றி, தொப்பியும் கூடையுமாக வாசுதேவன் கையில் வைத்தார்.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்க தம்பி. கேட்டா டாய்லெட் போயிருக்கார்னு சொல்லு.”

“எவ்வளவு நேரத்துக்குண்ணே டாய்லெட்?”

சவரிமுத்து அதற்குள் காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கார் ஃப்ரீவேயில் ஏறியபோது முன்கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தது. அவர் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். நகரத்துக்கு மேலே மேகம். நல்ல, பெரிய, சாம்பல் நிற, ஆஸ்திரிய மேகம். பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. வாய் தானாகவே வசனத்தைச் சொன்னது, அவசரமாக, எந்த வியன்னாக்காரனும் சொல்லாத அவசரத்தில். அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஏலக்காரனின் முதல் வரியைப் பிடிக்கப் பார்த்தார், அது வரவில்லை. சிவப்பு விளக்குகள் முன்னால் நீளமாகக் கட்டிக்கொண்டு நின்றன. யாரோ எங்கோ டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதை வேடிக்கை பார்க்க எல்லாக் கார்களும் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்தன. சவரிமுத்து தன் வாழ்நாளில் பேசாத வார்த்தை ஒன்றைப் பாலக்கரைத் தமிழில் பேசினார்.

பள்ளி மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் பாதி காலியாக இருந்தது. முடிந்துவிட்டது, வீட்டை விற்காமலே சனம் எழுந்து போய்விட்டது. ஏலக்காரனின் கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடினார். உள்ளே பாட்டுச் சத்தம்.

தமிழ்த்தாய் வாழ்த்து.

மேடைப் பக்கத்தில், அடுக்கிய நாற்காலிகள் மேல் ஸ்ருதி உட்கார்ந்திருந்தாள். கண்மை கலைந்திருந்தது. அவர் தாமதமாக வந்ததையே அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“கரெக்டா அஞ்சுக்குத் திரையைத் திறந்தோம், அங்கிள். ஹால்ல நடிக்கிறவங்களோட ஃபேமிலி மட்டும்தான். ஒரு சீன் ஃபுல்லா ஓடிச்சு. அப்புறம் ஸ்பான்சர் வந்தாரு. எனக்காக வெயிட் பண்ணலையான்னு கேட்டாரு.”

ஆனந்தராஜா திரையின் இடுக்கு வழியே கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். திரும்பாமலே பேசினார். “ஐஞ்சுக்குத் தொடங்கினது. சனம் ஆறு மணிக்குப் பிறகுதான் வந்தது. வந்த சனம் என்னட்டைக் கேக்குது, ஏன் எங்களை விட்டிட்டுத் தொடங்கினனீங்கள் எண்டு. சரி, முதலிலை இருந்து போடுவம் எண்டு கமிட்டி முடிவெடுத்திட்டுது. உமக்கும் மெசேஜ் போட்டது. பாக்கேல்லையோ?”

செய்தி முத்திரை வைத்த ஒரு பைக்குள் ஒளிர்ந்து அணைந்திருக்கும். சவரிமுத்து பார்க்கவில்லை என்றார்.

வெளியே குத்துவிளக்குக்குப் பிரமுகர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மௌன அஞ்சலி, அப்புறம் சிறுமிகள், அப்புறம் அனுசரணையாளர். எல்லாம் அவர் போட்ட கணக்குப்படியே வரிசை பிசகாமல் வந்தன. கணக்கில் ஒரு தவறும் இல்லை. அதை அவர் நம்பாமல் போனதுதான் தவறு. பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்கடன் வட்டி பற்றிய உரையை முழுவதும் கேட்டார். இப்போது திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

எட்டரை மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக, சுதர்சன் வாசலைப் பார்த்து, “இதோ, ஏலக்காரர் வந்துவிட்டார்,” என்றார். ஏலக்காரர் வந்தார். அன்று அவர் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்பியது. ‘ஒரு தரம்’ என்றார். ‘இரண்டு தரம்’ என்றார். சுருட்டிய காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதைச் சொல்லாமல் நின்றார். கூட்டத்தைத் தாண்டி, பின்வாசலில் இப்போதும் ஒரு குடும்பம் செருப்புச் சத்தத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தைகள்கூட அழவில்லை. சுதர்சன் தன் வரியை மறந்து அவர் முகத்தையே பார்த்தார். பிறகு காகிதம் உள்ளங்கையில் இறங்கியது. வீடு விற்றது.

அந்த இடைவெளியைப் பற்றி மன்றத்தில் ஒரு மாதம் பேசினார்கள். ஏலக்காரனின் சட்டைப் பையில் இருந்த ரோஜாவையும் புகழ்ந்தார்கள், பாத்திரத்தை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார் என்று.

மறுநாள் ஏஜென்ட் அம்மாளின் அழைப்பு வீட்டுத் தொலைபேசியில் வந்தது. சவரிமுத்து எழுந்து நின்று எடுத்தார். இனி வேடமே கிடையாது என்று கேட்கத் தயாராக இருந்தார். பிரமாதம் என்றாள் அவள். ஒரே டேக், டைரக்டருக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்றாள்.

ரோஜாக்காரனுடையது என்று தன்னிடம் கொடுத்துவிட்ட போனைத் திருப்பிக் கொடுக்க அன்று சாயங்காலம் வாசுதேவன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“நீங்க போன கொஞ்ச நேரத்துல மேகம் வந்துச்சுண்ணே. அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. என் கையில கோட்டு, கூடை. இதோ இருக்காருன்னு என்னைப் புடிச்சு இழுத்துச்சு. நான் அவர் இல்லம்மான்னு சொன்னேன். மாட்டு, மாட்டுன்னு மாட்டி விட்டுட்டாங்க.”

“வசனம்?”

“நாள் பூரா என் காதுகிட்ட நின்னுல்ல சொன்னீங்க.” வாசுதேவன் தரையைப் பார்த்தார். “நல்லா மெதுவாத்தான் சொன்னேன்.”

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். யார் மேல் என்று தேடிப் பார்த்தார், ஆள் அகப்படவில்லை. உள்ளே வா, காபி குடி என்றார். விமலா போட்ட காபியை வாசுதேவன் தொழில் மரியாதையோடு குடித்தார்.

படம் வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மன்றம் சும்மா இருக்குமா. கிளென் வேவர்லி தியேட்டரில் ஒரு காட்சிக்குப் பாதி இடத்தை மன்றமே பிடித்தது. படம் முடிந்ததும் வெளிக்கூடத்தில் பாராட்டு, பொன்னாடை. வேண்டாம் என்று சவரிமுத்து எத்தனையோ விதமாகச் சொன்னார். தன்னடக்கம் என்று சொல்லிப் பொன்னாடையை இன்னும் கொஞ்சம் அகலமானதாக வாங்கினார்கள்.

விளக்கு அணைந்தது. சவரிமுத்து தீர்ப்புக்கு நிறுத்தப்பட்டவர் மாதிரி நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் விமலா. அவளிடம்கூடச் சொல்லவில்லை, சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு டூட்டி வந்து குறுக்கே நின்றது. மூன்று வரிசை பின்னால் வாசுதேவன், மனைவியோடு. முந்நூறு தமிழ்க் கண்கள், சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் கண்டுபிடிக்கிற ஜனம், இன்னும் சில நிமிடத்தில் ஒரே குரலில் ‘இது யாரு’ என்று கேட்கப் போகிறது.

கஃபே வந்தது. தெருமுனையில் ரோஜாக்காரன் திரும்பினான். தொப்பி, கோட்டு, கூடை. களைத்த கால்கள். நடந்தான், கேமராவை நோக்கி, மெல்ல. அது சவரிமுத்து. முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். காட்சி மாறியது. மேசைக்கு அருகே வந்து குனிந்த முகம் ஒரு சாண் உயர்ந்து, பத்து வயது குறைந்து, மீசை முளைத்திருந்தது.

“ஐனெ ரோஸெ ஃப்யூர் டீ டாமெ?” என்றது அந்த முகம். அழகாக, அவசரமில்லாமல்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. விசில்கூட வந்தது. அந்தக் கைதட்டலில் கதாநாயகி அழுதது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடியபோது ‘ரோஜா விற்பவர் – சவரிமுத்து’ என்று வந்ததற்கு இன்னொரு கைதட்டல்.

வெளிக்கூடத்தில் பொன்னாடை விழுந்தது. ஆனந்தராஜா அவர் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “அப்ப கொஞ்சம் மெலிஞ்சு இருந்திருக்கிறீர், முத்து. மீசையும் வடிவாத்தான் இருந்தது. ஏன் எடுத்தனீர்?”

கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் வாசுதேவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருடைய மனைவி ஆட்டவில்லை.

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்றார் சவரிமுத்து. “தூரத்துல நடந்து வந்தது நான். பேசினது நான் இல்ல. அந்த முகம் இவரோடது. இவர் பேர் வாசுதேவன்.”

சுதர்சன் முதலில் சிரித்தார், கூட்டம் அவரைப் பின்பற்றியது. என்ன ஒரு பேச்சு, வேடத்துக்குள் போய்விட்டால் தானே இல்லாமல் ஆகிவிடுகிறேன் என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று தலைவர் மைக்கை வாங்கி விளக்கினார். அவர் சொன்னது நிஜம், அது என் வீட்டுக்காரர் முகம் என்று வாசுதேவனின் மனைவி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வந்திருந்த வெள்ளைக்காரக் கவுன்சிலர் வாசுதேவனின் கையையும் குலுக்கி, நடிப்பு மிக நன்றாக இருந்தது என்றார். அவர் மட்டும் ஏனோ சரியான கையைக் குலுக்கினார், அதுவும் தெரியாமல்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பொன்னாடை பின்சீட்டில் சரசரத்தது. கிரான்பர்ன் போகும் சாலையில் திரும்பிய பிறகு விமலா கேட்டாள்.

“நடந்தப்ப கூடையை எந்தக் கையில வச்சிருந்தீங்க?”

“இடது.”

“அந்த ஆள் வலது கையில வச்சிருந்தார்.”

சவரிமுத்து காரின் வேகத்தைக் குறைத்தார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

“அதை டைரக்டர்தான பார்த்திருக்கணும்,” என்றார்.

“அவர் மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாரு,” என்றாள் விமலா. கொஞ்ச தூரம் போனதும், “அந்த நடை என்னோடதுதானே?” என்று கேட்டாள்.